வாக்குமூலம் அண்ணையும் எங்கள் வீட்டு ட்ரிப் சுவிட்சும்

திருகோணமலையில் மின்சாரத்தைக் கூண்டில் ஏற்றி விசாரித்த ஒரே மனிதர் எங்கள் வாக்குமூலம் அண்ணைதான். மற்ற வயறிங்காரர்கள் வீட்டுக்கு வந்தால் மெயின் சுவிட்ச் எங்கே என்று கேட்பார்கள். இவர் ஒரு கதிரை கேட்பார். அதில் சாவகாசமாக அமர்ந்து, மடியில் சீ.ஆர். கொப்பியை விரித்து, வீட்டிலுள்ளவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, கரண்ட் நின்ற நேரம் யார் எங்கே என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று எழுதத் தொடங்கிவிடுவார். எழுதியதை வாசித்துக் காட்டிக் கையெழுத்தும் வாங்குவார். அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தே ஆகவேண்டும். அது அவருடைய அடையாள அட்டைக்கு மட்டும்தான் தெரியும்.

துறைமுகப் பக்கத்து வேலைத்தளம் ஒன்றில் காலம் முழுக்க வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஃபேன் பூட்டக் கூப்பிட்டால் கோபம் வரும். துப்புத் துலக்க அதில் என்ன கிடக்கிறது என்பார். கரண்ட் போகக்கூடாத வழியில் கசிந்தால் டப்பென்று விழுந்து முழு வீட்டையும் அணைக்கிறதே அந்த ட்ரிப் சுவிட்ச், அது காரணம் தெரியாமல் விழுகிற வீடுகளுக்கு மட்டும்தான் சைக்கிள் மிதித்து வருவார்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவர் வீட்டில் தினமும் விடிய ஐந்தரைக்கு ட்ரிப் விழுந்தது. மூன்று வயறிங்காரர் வந்து பார்த்தும் பிடிபடவில்லை. நம்மவர் அதிபரையும் மனைவியையும் வெவ்வேறு அறையில் வைத்து விசாரித்தார். அதிபரின் கூற்றில் ஐந்து இருபதிலிருந்து ஐந்து நாற்பதுவரை இருபது நிமிடத்துக்குக் கணக்கில்லை. கடைசியில் கட்டிலுக்கு அடியிலிருந்து தண்ணீர் கொதிக்க வைக்கிற கொயில் ஒன்று, வெடித்த நிலையில், சரணடைந்தது. காலையில் மனைவி தருவதற்கு முதல் ஒரு கோப்பி கள்ளமாகக் குடிப்பதற்காம். அன்றோடு அந்த வீட்டில் ட்ரிப் விழுவது நின்றது. சண்டை தொடங்கியது.

எங்கள் வீட்டில் விழத் தொடங்கியது போன வருடம் மேற்கிலிருந்து கச்சான் காற்று அடித்த மாதத்தில். நான் இயல்பிலேயே தைரியசாலி. மின்சாரம், நாய், மாமியார் மூன்றும் மட்டும் விதிவிலக்கு. முதல் தடவை விழுந்தபோது மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டைப் போட்டு, மழைக்குப் போடுகிற ரப்பர் சப்பாத்தை மாட்டி, வீடு கூட்டுகிற தும்புத்தடியின் நுனியால் எட்ட நின்று சுவிட்சைத் தட்டி ஏற்றினேன். மகள் அதை வீடியோ எடுத்து என் சொந்தக்காரர் அனைவருக்கும் அனுப்பிவிட்டாள். குச்சவெளியிலிருந்து மச்சான் அழைத்து, சந்திரனில் இறங்கிவிட்டாயா என்று விசாரித்தார்.

மூன்றாம் தடவை விழுந்தபோது நான் ஆராய்ச்சியில் இறங்கினேன். ஊருக்குள் திரிகிற மான்களில் ஒன்று பின்பக்கத்து வயரைக் கடித்திருக்கும் என்பது என் முடிவு. மானுக்கு ஊரில் வேறு சாப்பாடா இல்லை என்று கேட்டாள் என் மனைவி பவானி. நான்காம் தடவை சுவிட்சின் காதை மேலே தூக்கிப் பிளாஸ்டர் போட்டு ஒட்டினேன். அடுத்த தடவை காது மேலேயே நின்றது. கரண்ட் மட்டும் போய்விட்டது. குளிர்பெட்டிக்குள் மச்சான் கொடுத்தனுப்பிய பாரை மீன் கண்ணைத் திறந்து என்னைப் பார்ப்பதுபோல் இருந்தது.

பக்கத்து வீட்டு நவம் உலகத்தின் எல்லாச் சிக்கலுக்கும் ஒரே மருந்து வைத்திருப்பவன். அதைக் கழற்றி எறிந்துவிட்டு டைரக்டாகக் கொடுப்போம் என்றான். எனக்கும் அது பெரிய ஞானமாகப் பட்டது. நவம் ஸ்க்ரூ ட்ரைவரோடு கதிரையில் ஏறிய நேரம் பவானி கூப்பிட்டிருந்த வாக்குமூலம் அண்ணை கேற்றைத் திறந்துகொண்டு வந்தார். நவத்தைப் பார்த்து அவர் சத்தம் போடவில்லை.

"தம்பி, அந்தச் சுவிட்ச் சும்மா விழுகிறேல்லை. கரண்ட் இந்த வீட்டில ஆரோ ஒராளுக்குள்ளால நிலத்துக்குப் போகப் பாக்குது. ஆர் எண்டு தெரியாமல் கழட்டினியளெண்டால், அடுத்தமுறை சுவிட்ச் விழாது. அந்த ஆள்தான் விழும்."

நவம் கதிரையை விட்டு இறங்கினான். கதிரையைப் பிடித்துக்கொண்டிருந்த நான் ஏற்கெனவே முற்றத்தில் நின்றேன்.

அந்த ஆள் நான்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. என் ஜாதகம் அப்படி. குளிக்கப் பயந்தேன். கதவின் கைப்பிடியைத் துவாயால் பிடித்துத் திறந்தேன். அண்ணையோ வீட்டிலிருந்த எல்லாப் பிளக்கையும் கழற்றிவிட்டு, ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் பால் விடாத பிளேன்ரீ ஒன்று குடித்து முடியும்வரை காத்திருந்தார். குளிர்பெட்டி குற்றவாளி இல்லை. அயன் இல்லை. தண்ணீர் மோட்டர் இல்லை. அன்று முழுக்கக் காற்றும் இல்லை, உடுப்புத் தோய்ப்பும் இல்லை, ட்ரிப்பும் விழவில்லை. போகும்போது கொப்பியை எங்களிடம் விட்டுவிட்டு, விழுகிற நேரம் ஆளாளுக்கு எங்கே நின்றீர்கள், கை எதில் இருந்தது என்று உடனே எழுதச் சொன்னார்.

அடுத்த நாள் பத்து மணிக்கு விழுந்தது. பதினொன்றுக்கு அவர் வந்துவிட்டார்.

மகள், படித்துக்கொண்டிருந்தேன் என்று எழுதியிருந்தாள். அண்ணை கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். அவள் அதை வெட்டிவிட்டு, ஃபோன் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று திருத்திக் கையெழுத்து வைத்தாள். பிறகு பவானியின் முறை.

"உடுப்புக் காயப் போட்டுக்கொண்டு நிண்டனான் அண்ணை."

"முதல் விழுந்த நாளும்?"

அவள் யோசித்தாள். "ஓம். அண்டைக்குப் படுக்கை விரிப்பு. நல்ல காத்து."

"கையில ஏதும் தெரிஞ்சதோ, தங்கச்சி?"

"சிலநேரம் எறும்பு கடிக்கிற மாதிரி. இண்டைக்குத் தோள்வரைக்கும் சுள்ளெண்டு இழுத்துப்போட்டுது. நரம்புப் பிடிப்பெண்டு நினைச்சன். இவரும் வயசு போட்டுது எண்டு பகிடி பண்ணி எண்ணெய் பூசிவிட்டவர்."

அண்ணை பேனையை மூடினார். விசாரணை முடியமுதல் அவர் அதை மூடி நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

"இனி நீங்கள் சொல்லுங்கோ தம்பி. உடுப்புக் கம்பி எதில கட்டிக் கிடக்கு?"

வேப்பமரத்தில் என்றேன். அது பொய்யல்ல. கம்பிக்கு இரண்டு நுனி உண்டு என்பதை மட்டும் சொல்லாமல் விட்டேன். மற்ற நுனி எங்கே என்று கேட்டார். பின்சுவரில் ஒரு லைட் இருக்கிறது. ஃபோனில் வீடியோ பார்த்து நானே பூட்டியது. கூலி மிச்சம் என்று ஒரு மாதம் வீட்டில் பெருமை அடித்தது. உப்புக் காற்றில் நைலோன் கயிறு இற்றுப் போகிறது என்று போன வருடம் இரும்புக் கம்பி வாங்கினேன். கட்ட வேறு இடம் தேடச் சோம்பல் பட்டு, அந்த லைட்டைத் தாங்குகிற இரும்பில் சுற்றி இறுக்கியதும் நான்தான்.

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுதவில்லை.

மெயினை நிறுத்திவிட்டுப் பின்னால் போய்ப் பார்த்தோம். காற்றில் ஈரவிரிப்பு தோணிப் பாய் மாதிரி ஊதி, கம்பியை இழுக்க இழுக்க, லைட்டின் இரும்பு ஆடி வயரின் தோலைத் தின்றிருந்தது. லைட்டின் சுவிட்சையும் நான் வயர் மாறிப் பூட்டியிருந்தபடியால், லைட் அணைந்திருந்தாலும் அங்கே கரண்ட் நின்றிருக்கிறது. காற்றுள்ள நாளில் வெறுங்காலோடு ஈரநிலத்தில் நின்று என் மனைவி அந்தக் கம்பியைத் தொட்ட ஒவ்வொரு தடவையும் ட்ரிப் சுவிட்ச் விழுந்திருக்கிறது. அதற்கு நான் பிளாஸ்டர் ஒட்டினேன். நவத்துக்குக் கதிரை பிடித்துக் கொடுத்தேன்.

அண்ணை என்னைத் திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். "உங்கட வீட்டில புத்தியோட இருந்தது அந்தச் சுவிட்ச் ஒண்டுதான்" என்று மட்டும் சொன்னார். பழைய வயரை உருவி எறிந்து புதிதாக இழுத்தார். கம்பியை அறுத்து என் கையிலேயே தந்து, கடைக்குப் போய் நைலோன் கயிறு வாங்கிவரச் சொன்னார். நான் செருப்புப் போடாமல் ஓடியது கடைவாசலில்தான் தெரிந்தது.

கயிற்றை இரண்டு மரத்துக்கு நடுவில் கட்டினோம். பவானி வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நைலோன் கயிற்றில் கரண்ட் வராது என்பது அவருக்கு எங்கள் எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். இருந்தாலும், "கொஞ்சம் நில்லுங்கோ தங்கச்சி" என்று அவளை மறித்து, கயிற்றின் ஒரு முனையிலிருந்து மற்ற முனைவரை புறங்கையால் தடவிக்கொண்டே நடந்தார். பிறகுதான் விலகி நின்றார்.

ட்ரிப் சுவிட்சில் சின்னப் பொத்தான் ஒன்று இருக்கிறது. மாதத்துக்கு ஒருமுறை அதை அமத்த வேண்டும், விழுந்தால்தான் சுவிட்ச் உயிரோடு இருக்கிறது என்று அவர் உத்தரவு. இப்போதெல்லாம் ஹெல்மெட் இல்லாமலே அமத்துகிறேன். விழுந்ததும் அவருக்கு அழைத்து, விழுந்துவிட்டது அண்ணை என்று அறிக்கை கொடுப்பேன். அவர் முதலில், தங்கச்சி எங்கே நிற்கிறா என்று கேட்பார். பவானி ஃபோனை வாங்கி, நான் குசினிக்குள்ள அடுப்படியிலதான் நிக்கிறன் அண்ணை என்று சொல்லும்வரைக்கும் அவர் இணைப்பைத் துண்டிப்பதில்லை.