பேராசிரியர் இன்றே எழுத வேண்டிய கடிதம்

அன்பும் மரியாதையும் உரிய சித்தப்பாவுக்கு,

உங்கள் அண்ணன் மகள் எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் நலம் என்று தொடங்கத்தான் பேனாவைத் திறந்தேன். திறந்த பிறகு மனசாட்சி இடம் கொடுக்காததால், சித்தியின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று விசாரிப்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இன்று காலை கண் விழித்ததும், பல்கூடத் துலக்காமல், நான் முதலில் செய்த காரியம், மேஜை மேல் இருந்த விடுதிப் பள்ளியின் சேர்க்கைப் படிவத்தை எடுத்து என் மெத்தைக்கு அடியில் வைத்து, அதன் மேல் திரும்பவும் படுத்துக்கொண்டது. நாற்பத்து நான்கு வயதில், பட்டப்படிப்பு முடித்த ஒருத்தி செய்கிற காரியமா இது என்று நீங்கள் கேட்க வேண்டாம், அதைக் கேட்டுக்கொண்டேதான் அரைமணி நேரம் படுத்திருந்தேன், காகிதம் கசங்குகிற சத்தம் கேட்டுவிடப் போகிறதே என்று புரளக்கூட இல்லை. இப்போது இவர் லீவு போட்டுவிட்டு அதைத் தேடிக்கொண்டிருக்கிறார். எடை அளவு ஆய்வாளர் தேடுவதை நீங்கள் பார்த்ததில்லை. கடை கடையாகப் போய்த் தராசு முள் மயிரிழை சாய்ந்திருந்தாலும் கண்டுபிடிக்கிறவர், சொந்த வீட்டை விடுவாரா? மேலிருந்து கீழே, இடமிருந்து வலம், ஒரு தட்டு பாக்கியில்லாமல் பார்க்கிறார். கூடம் முடிந்தது. இப்போது செருப்பு அலமாரி. அடுத்தது நான் நிற்கிற சமையலறை, அதற்கடுத்து படுக்கையறை. நான் மேடைமேல் தாளை வைத்து நின்றபடியே எழுதுகிறேன், மளிகைப் பட்டியல் போடுவதாக இவருக்கு நினைப்பு. போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். இந்த வீட்டில் சமையலறையில் பேசினால் செருப்பு அலமாரிக்குக் கேட்கும். அதனால்தான் கடிதம். பிழை திருத்தக் கொடுத்த தாள்களை வாங்கிப் போக வருவதாக இவரிடம் சொல்லி வைத்திருக்கிறோமே, அந்த உங்கள் அச்சக டிரைவர், அவர் பதினோரு மணிக்கு வந்ததும் கொடுத்துவிடுவேன்.

விஷயம் இதுதான். படிவம் நாளைக் காலை பத்து மணிக்குள் அப்பா, அம்மா இரண்டு பேர் கையெழுத்தோடும் அந்தப் பள்ளிக்குப் போய்ச் சேர வேண்டும். சேர்ந்தால், நீங்கள் பெயர் வைத்த நம் வாலு, பதினான்கு வயதில் வீட்டைவிட்டு நான்கு வருஷத்துக்கு அங்கே போய்விடுவாள். இவரைத் தடுக்க என்னால் முடியவில்லை. உங்கள் பேராசிரியரால் மட்டும்தான் முடியும். ஆகையால் பேராசிரியர் இன்றே, உங்கள் இதழின் பெயர் அச்சிட்ட தாளில், 'தங்கள் மகளை வீட்டில் வைத்தே படிக்க வைக்கவும்' என்று இவருக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். வாசகத்தைத் தனித்தாளில் இணைத்திருக்கிறேன். வழக்கம்போல் டைப் அடித்து, வழக்கம்போல் நீங்கள் கோணலாகக் கையெழுத்துப் போட்டு, சாயங்காலத்துக்குள் டிரைவரிடம் கொடுத்தனுப்பினால் போதும்.

எல்லாம் உங்களால் வந்தது, சித்தப்பா. ஒன்பது வருஷத்துக்கு முன்னால், சரித்திரம் படித்தவள் சும்மா உட்கார்ந்திருக்கிறாளே என்று 'அரும்பிலே தெரிந்தவர்கள்' பகுதியை என் தலையில் கட்டினீர்கள். என் பெயரைப் போடலாமா என்று கேட்டதற்கு, "எழுதறது ஒரு வீட்டம்மான்னா யாரும்மா நம்புவா, பேராசிரியர்னு போட்டுக்கலாம், பேர்கூட வேண்டாம்" என்றீர்கள். பெரியவர்களின் பள்ளிப் பருவத்தைத் தேடி நூலகத்தில் நான் புரட்டாத புத்தகம் இல்லை. இன்ன வருஷம் பிறந்தார், சிறு வயதிலேயே சூட்டிகையாக விளங்கினார், இருபத்தாறாவது வயதில் படையெடுத்தார். அவ்வளவுதான். சூட்டிகைக்கும் படையெடுப்புக்கும் நடுவில் இருபது வருஷம் காலியாகக் கிடக்கிறது. மூலையில் உட்கார்ந்து எதையோ நோண்டுகிற பிள்ளை பின்னால் யாராகப் போகிறது என்று யாருக்குத் தெரியும், பக்கத்தில் உட்கார்ந்து எழுதி வைக்க? நீங்களோ இரண்டு பக்கம் கேட்டீர்கள். என் கண்ணெதிரில் ஐந்து வயதில் ஒரு பிள்ளை இருந்தது. நான் என்ன செய்திருப்பேன் என்று நினைக்கிறீர்கள்?

உங்களுக்கும் இதுவரை சொல்லாதது இது. இவருடைய அலாரம் கடிகாரத்தை வாலு திருப்புளி வைத்துப் பிரித்து, துரு பிடிக்கக்கூடாது என்று பல்சக்கரங்களையெல்லாம் உப்பு ஜாடிக்குள் புதைத்து வைத்தாளே, அந்த மாதம் ஒரு வானியல் அறிஞரின் பிள்ளைப் பருவம் எழுதினேன். பள்ளிக்கூடம் எங்கே போகிறது என்று தெரியும், வீடு எங்கே போகிறது என்றுதான் பார்க்க வேண்டும் என்று பின்பக்கமாகவே நடந்து போய்ச் சாக்கடையில் விழுந்தாளே, அதை ஒரு மாலுமிக்குக் கொடுத்தேன். ஒரு பேரரசிக்குப் பேன் பார்த்த கதையும் நம் வீட்டுக் கதைதான். ஒன்பது வருஷமாக உங்கள் இதழில் பெரியவர்கள் செய்ததெல்லாம் என் மகள் செய்தது.

இவர் அந்தப் பகுதியை ஒன்றுவிடாமல் வெட்டி நோட்டில் ஒட்டி, தேதி போட்டு வைத்திருக்கிறார். பேராசிரியர் சும்மா எழுதமாட்டார், ஆராய்ச்சி பண்ணித்தான் எழுதுவார் என்பது இவர் கட்சி. ஞாயிற்றுக்கிழமை காலையில் வாலுவை எதிரில் நிற்க வைத்துப் படிப்பார். "பாரு, அந்தப் பையன் கடிகாரத்தைப் பிரிச்சான், நட்சத்திரத்தைப் பத்தித் தெரிஞ்சுக்கிட்டான். நீயும் ஒண்ணைப் பிரிச்சே. எனக்கு ஒரு கடிகாரம் போச்சு, குழம்பில ஒரு சக்கரம் வந்துச்சு." நான் உள்ளே பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். சிரிப்புத்தான் வரும். முதல் இரண்டு வருஷம் சிரிப்பாகத்தான் இருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இவர் பேராசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினார், ஞாபகமிருக்கும். நீங்கள் சிரித்துக்கொண்டே என்னிடம் கொடுத்தனுப்பினீர்கள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு என் புருஷன் எனக்கு எழுதிய கடிதத்தை உங்கள் டிரைவர் கையால் வாங்கினேன். அதில் இவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருந்தார். ஐயா, அந்தப் பெரியவர்களுடைய தகப்பனார்கள் எப்படிக் கண்டுகொண்டார்கள், என் பெண்ணிடம் எனக்கு ஒன்றும் தெரியவில்லையே, பார்க்கத் தெரியாத தவறு என்னுடையதா? அதைப் படித்த அன்று நான் சாப்பிடவில்லை. ஆனால் பதில் என்ன எழுதினேன் தெரியுமா? பொறுமையே பெற்றோரின் அணிகலன் என்று எழுதினேன். இவர் அதைப் பர்ஸில் வைத்திருக்கிறார், மடிப்பு கிழிந்து டேப் ஒட்டியிருக்கிறது.

அணிகலன் போன மாதத்தோடு முடிந்தது. அந்த வாரம் வாலுவுக்குக் காய்ச்சல், என்னிடம் சரக்கு இல்லை, நீங்களோ பக்கம் காலியாக இருக்கிறது என்று மூன்று தடவை போன் செய்தீர்கள். உட்கார்ந்த இடத்தில் ஒரு கடற்படைத் தளபதியைப் பன்னிரண்டு வயதில் தூரத்து விடுதிப் பள்ளிக்கு அனுப்பி, குளிர்ந்த தண்ணீரில் குளிக்க வைத்து, பெரியவனாக்கிவிட்டேன். ஒன்பது வருஷத்தில் என் மகளை வைத்து எழுதாத ஒரே கட்டுரை அது. இவர் அதைப் படித்துவிட்டு, நோட்டில் ஒட்டித் தேதி போட்டார். "தப்பு நம்ம மேலதான். வீட்டோட வச்சுக்கிட்டே எப்படி வரும்?" என்றார். மறுநாள் படிவம் வந்துவிட்டது.

முந்தாநாள் நேர்முகத்துக்குப் போனோம். நீளமான வராந்தா, பினாயில் வாசனை, உட்கார்ந்தால் கிறீச்சிடுகிற நாற்காலிகள். படிவத்தில் ஒரு கேள்வி: குழந்தையின் இளம் பருவத்தில் காணப்பட்ட சிறப்புகள். நான்கு வரி இடம் விட்டிருந்தார்கள். இவர் பேனாவை உதறி உதறி யோசித்தார். பொய் எழுத இவருக்கு வராது, அது உங்களுக்கே தெரியும். கடைசியில், 'குறிப்பிடும்படி ஏதும் இல்லை' என்று எழுதினார். பக்கத்தில் உட்கார்ந்து வாலு அதை எழுத்து எழுத்தாகப் படித்தாள். நானும்தான்.

உள்ளே போனால், தலைமையாசிரியையின் தலைக்கு மேல் கண்ணாடிச் சட்டம் போட்டு என் கட்டுரை. ஒரு கட்டடக் கலைஞர் சிறு வயதில் வீடு வரையச் சொன்னதற்கு வெறும் செவ்வகமும் ஒரு புள்ளியும் வரைந்து முட்டை வாங்கிய கதை. இரண்டாம் வகுப்பில் வாலு வாங்கிய முட்டைதான் அது, வீட்டை மேலிருந்து பார்த்து வரைந்திருந்தாள். இந்தப் பிள்ளைக்குக் கணக்கில் முப்பத்தொன்றா என்று கேட்டுவிட்டு, அந்த அம்மாள் சட்டத்தைக் காட்டி உருக ஆரம்பித்தார்கள். "அந்தப் புள்ளி என்ன தெரியுமா? மொட்டை மாடியில துணி காயப்போடற அம்மாவோட தலை. மேலேர்ந்து பாக்கிறப்பவும் அந்தக் குழந்தை அம்மாவை விடலை பாரு. அதுதான் மேதை." இவருக்குக் கண் கலங்கிவிட்டது.

வாலு மெதுவாகச் சொன்னாள். "அது அம்மா இல்லை மேடம். தண்ணித் தொட்டி."

"உனக்கெப்படித் தெரியும்?" என்றார்கள் அந்த அம்மாள். இவர் மகளை முறைத்தார். மகள் என்னைப் பார்த்தாள். சித்தப்பா, அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் வாயைத் திறந்திருக்க வேண்டிய இடம் அதுதான். எனக்கு அந்த நேரத்தில் என்ன தோன்றியது தெரியுமா, ஏழு வருஷமாக அந்தப் புள்ளி நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே, ஒரு தடவைகூட அவளைக் கேட்கவில்லையே என்று. நான் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினேன். "சும்மா சொன்னேன் மேடம்" என்று வாலு தலையைக் குனிந்துகொண்டாள். இடம் கிடைத்துவிட்டது, இரண்டு பேர் கையெழுத்தும் போட்டுத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிப் படிவத்தைக் கையில் கொடுத்தார்கள்.

திரும்பி வருகிற பஸ்ஸில் இவர் முன்சீட்டில் தூங்கிவிட்டார். ஜன்னல் பக்கம் பார்த்தபடியே அவள் கேட்டாள்: "பேராசிரியருக்கு என்னைப் பத்தி இன்னும் ஏதாவது வேணுமாம்மா? ஹாஸ்டல் போயிட்டா கிடைக்காது." எப்போது தெரியும் என்று கேட்டேன். உப்பு ஜாடியிலிருந்தே என்றாள். ஏன் அப்பாவிடம் சொல்லவில்லை என்றேன். "நீ சொல்லுவேன்னு இருந்தேன்."

அதனால்தான் கேட்கிறேன். பேராசிரியர் சொன்னால் இவர் மறுபேச்சில்லாமல் கேட்பார். தாமதம் வேண்டாம். செருப்பு அலமாரி மூடுகிற சத்தம் கேட்கிறது.

சித்திக்கு என் வணக்கம். முழங்காலை மடக்கி உட்கார வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். உங்கள் ஆசி எப்போதும்போல் எங்களுக்கு வேண்டும், இந்த வாரம் சற்றுக் கூடுதலாக.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகள்

பி.கு.: டிரைவர் வந்துவிட்டார், கூடத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறார். இணைத்திருந்த தனித்தாளை நானே கிழித்துவிட்டேன். பேராசிரியர் எழுத வேண்டாம், இனி எப்போதுமே. எழுதினால் இவர் கேட்டுக்கொள்வார், மகளை வீட்டில் வைத்துக்கொள்வார், ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அவளை எதிரில் நிற்க வைத்து அதே நோட்டைப் படிப்பார். இவர் சமையலறைக்குள் வந்து டப்பாக்களைத் திறந்து பார்த்த நேரத்தில் நான் போய்ப் படிவத்தை எடுத்துவந்து, இந்தக் கடிதத்துக்கு அடியில் வைத்துக்கொண்டேன். இவர் எழுதிய வரியை ஒரே கோடாக அடித்தாகிவிட்டது. கடிகாரத்தில் ஆரம்பித்து, தேதியோடு, இவர் நோட்டின் பக்க எண்ணோடு எழுதுகிறேன். நான்கு வரி எப்போதோ தீர்ந்துவிட்டது, ஓரமும் தீர்ந்து பின்பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி வரை வந்திருக்கிறேன். முடித்ததும் இவர் கையில் கொடுத்து, நோட்டைப் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்லப் போகிறேன். தாயார் கையெழுத்து என்று போட்ட கட்டம் மட்டும் காலியாகத்தான் இருக்கும். இந்த வீட்டில் இது இன்னும் யாருக்கும் தெரியாது. உள்ளே இவர் மெத்தையைத் தூக்குகிற சத்தம் கேட்கிறது.