அட்டகோராவின் கார்டும் வீட்டு உலக்கையும்

இனிமேல் உலக்கையைத் தொடுவதில்லை என்று அட்டகோரா சபதம் எடுத்தார். குமாசி ஊரில் ஞாயிற்றுக்கிழமை அவித்த வாழைக்காயையும் மரவள்ளியையும் உரலில் போட்டு மனைவிக்கு ஃபூஃபூ இடித்துக் கொடுக்காத புருஷன் உண்டா? ஆனால் இது சர்ச்சில் கிடார் வாசிக்கிற கையாயிற்றே. உலக்கை பிடித்துக் காய்த்துப்போனால் உலகத்துக்கல்லவா நஷ்டம்!

"செர்வா, ஒரு பந்தயம். நாளைக்கு ஆராதனையில நான் கிடார்ல மூணு சுரத்தைச் சேர்த்து ஒரு கார்டு போடுவேன். அதுக்குக் கீழ உன் பேஸ் கிடார்ல சரியான சுரத்தை வைக்கணும். நீ முழிச்சேன்னா, இனிமே மெஷின்ல அரைச்ச ஃபூஃபூதான்."

"முழிக்கலைன்னா?"

"ஆயுசுக்கும் இடிக்கிறேன்."

"சரிங்க" என்று மனைவி செர்வா வாழைக்காயை உரிக்கப் போய்விட்டாள்.

அந்தக் கார்டின் பெயர் ஆக்மென்ட்டட். மூன்றே சுரம், நடுவில் சம இடைவெளி. கிடாரில் கையை நாலு கட்டம் தள்ளினாலும் அதே மூன்று சுரம்தான் திரும்ப வரும். எது தலை, எது வால் என்று அதற்கே தெரியாது. கீழே பேஸ் எந்தச் சுரத்தில் நிற்கிறதோ, அதை வைத்துத்தான் பாட்டு போகிற திசை புரியும்.

மறுநாள் காணிக்கைப் பாட்டு ஜி சுருதியில் ஜோராகப் போனது. கடைசி அடிக்கு முன்னால் மனுஷர் சி ஆக்மென்ட்டட்டைப் போட்டார். நாலு கட்டம் ஏறினார். இன்னும் நாலு. எங்கே போனாலும் அதே சத்தம். இறங்கத்தான் வழி தெரியவில்லை. கைக்குட்டை வீசி ஆடிக்கொண்டிருந்த ஜனம் தூக்கிய காலோடு நின்றது. பாடகர் குழு வாயைத் திறந்தபடி இவரையே பார்த்தது.

செர்வா பேஸின் தடித்த கம்பியில், ஜி-க்கு வழிகாட்டுகிற டி சுரத்தை அமுக்கி ஒரே ஒரு தட்டு தட்டினாள். மேலே இவருடைய சி ஆக்மென்ட்டட், கீழே அவளுடைய டி. அந்தரத்தில் தொங்கிய கார்டுக்கு வழி பிறந்தது. குழு மொத்தமும் அலுங்காமல் ஜி-யில் வந்து இறங்கியது. போதகர் அட்டகோராவைத்தான் பாராட்டினார்.

அட்டகோராவுக்குக் கண் கலங்கிவிட்டது. கடவுளே, இப்படி ஒருத்தியை எனக்குக் கொடுத்தாயே என்று மனசு நிறைந்து போயிற்று. வீட்டுக்கு வந்ததும் தானாகவே உலக்கையை எடுத்தார்.

"என் மானத்தைக் காப்பாத்தினே செர்வா. பந்தயத்துக்காக இல்ல, நன்றிக்காக இடிக்கிறேன். உக்காந்து உரல்ல மாவைத் திருப்பிக் குடு."

"நல்லா இருப்பீங்க. இந்த ரெண்டு கூடை அவிச்ச வாழைக்காயையும் சேர்த்து இடிச்சிருங்க."

"இவ்வளவா? யாருக்கு?"

"பாடகர் குழுவுக்கு. சாப்பிட வரச் சொல்லியிருக்கேன்."

"அடடே, நாம ஜெயிச்சதைக் கொண்டாடவா? எப்போ கூப்பிட்டே?"

"நேத்தே, நீங்க பந்தயம் கட்டின கையோட. ஒரு வாரமா குளியலறையில ஒளிஞ்சு அந்தக் கார்டை நீங்க பழகறப்போ, கதவுக்கு வெளிய நின்னு டி-யை நானும் பழகிட்டுதானே இருந்தேன்."