காருக்கு நான் தைத்த சட்டை

கூச்ச சுபாவம் உள்ளவனுக்கு ஒரு பெரிய ஆபத்து உண்டு. அவன் யாரிடமும் எதையும் கேட்கமாட்டான். இந்த பஸ் எங்கே போகிறது என்றுகூடக் கேட்கமாட்டான். தப்பான பஸ்ஸில் ஏறி, தப்பான ஊரில் இறங்கி, அந்த ஊருக்கே வேலையாக வந்தவன் மாதிரி ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புவான். நான் அந்த மாதிரி டீ நிறையக் குடித்தவன்.

எனக்குத் தையல் தொழில். ஐந்தாவதோடு படிப்பை விட்டேன் (படிப்பு என்னை அதற்கு முன்னாலேயே விட்டுவிட்டது). உழவர்கரையில் ஆண்களுக்குச் சட்டை, பேன்ட் தைக்கிற சின்னக் கடை. கூச்சக்காரனுக்கு இதைவிட நல்ல தொழில் கிடையாது. "நேரா நில்லுங்க, திரும்புங்க, கையத் தூக்குங்க" என்ற மூன்று பேச்சை வைத்துக்கொண்டே ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிவிட்டேன். மிச்சத்தை டேப் பார்த்துக்கொள்ளும்.

என்னிடம் ஒரு கார் வந்து சேர்ந்ததும் இந்தக் கூச்சத்தால்தான். பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கும் ஒரு பெரியவருக்கு வருஷக்கணக்காக நான்தான் பேன்ட் தைத்துக் கொடுத்தேன். அவர் பிரான்சில் இருக்கும் மகளோடேயே தங்கிவிடுவதற்காகக் கிளம்பும்போது, வாசலில் தார்ப்பாய் போர்த்தி நின்ற பழைய காரைக் காட்டி, "சவரி, இத நீ எடுத்துக்கோ" என்றார். ஆமை மாதிரி முதுகு வளைந்த, இடது பக்கம் ஸ்டியரிங்கும் இரண்டே கதவும் வைத்த சின்ன வெளிநாட்டுக் கார். ஓடி எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. (வேண்டும் என்று சொல்லவும் வரவில்லை. தலைதான் ஆடியது. அது எந்தப் பக்கம் ஆடியது என்று வீட்டில் இன்றைக்கும் தகராறு உண்டு.)

ஆனால் வந்த கொஞ்ச நாளிலேயே எனக்கு அதன்மேல் கிறுக்குப் பிடித்துவிட்டது. செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்து ஒவ்வொரு பாகமாகக் கழற்றக் கற்றுக்கொண்டேன். மாட்டத்தான் மெதுவாகக் கற்றுக்கொண்டேன். நடுவில் இருந்த காலத்தில் கார் வீடு முழுக்கப் பரவியது. தையல் மிஷின் டிராயரில் ஸ்பேனர். கட்டிலுக்கு அடியில் சைலன்சர். ஒருநாள் என் மனைவி ரோசி சாம்பார் வைக்கப் பாத்திரத்தை எடுத்தால், அதற்குள் நான் மண்ணெண்ணெயில் ஊறப்போட்ட போல்ட்டுகள்.

வீட்டுக்குப் பக்கவாட்டில் சிமென்ட் ஷீட் போட்ட ஷெட் ஒன்று சும்மா கிடந்தது. அதை ஒர்க்‌ஷாப் ஆக்கிவிட்டால் எல்லாம் அடங்கிவிடும் என்று எனக்கு ஆசை. ஆனால் ரோசிக்கும் அந்த ஷெட்மேல் ஒரு கண் இருந்தது. அவள் தெருவுக்கே இட்லி மாவு அரைத்துக் கொடுப்பவள். அவளுடைய பெரிய கிரைண்டர் சமையலறையில் பாதியைப் பிடித்துக்கொண்டு, ஓடும்போது மீதிப் பாதியையும் ஆட்டிக்கொண்டிருந்தது.

வழக்கு ரோசியின் அண்ணன் லூர்துவிடம் போனது. மச்சான் சில வருஷம் பிரான்சில் இருந்துவிட்டு வந்தவர். அங்கே வீட்டுக்கு வீடு காருக்கு ஓர் அறை உண்டு என்று சொல்லி என் ஆசையை ஊதிவிட்டவரும் அவர்தான். அவரை உட்காரவைத்துக்கொண்டு தீர்ப்பை ரோசியே சொல்லிவிட்டாள்.

"இவரு பிளான் போட்டுக் காட்டட்டும். காரு, சாமான் எல்லாம் அடங்கி, இவரும் உள்ள நின்னு வேலை செய்ய முடியும்னா ஷெட்டு இவருக்கு. முடியலன்னா என் கிரைண்டரு அங்க போவும். அப்புறம் பேச்சு கிடையாது."

"மாப்ள எப்ப பேசியிருக்காரு, இனிமே பேசறதுக்கு?" என்றார் மச்சான்.

கார் அப்போது தவளக்குப்பத்தில் ஒரு மெக்கானிக்கிடம் இன்ஜின் வேலைக்குப் போயிருந்தது. அதனால் என்ன? நான் தையல்காரன். ஆள் இல்லாமலே அளவை வைத்துச் சட்டை தைக்கிறவன். டேப்பை எடுத்துக்கொண்டு தவளக்குப்பம் போய், வாடிக்கையாளருக்கு எடுப்பது மாதிரியே காருக்கு அளவெடுத்தேன். முன்பக்கம் தோள், நடுவில் இடுப்பு, பின்பக்கம் சீட். "இன்னா அண்ணே, காருக்கு சபாரியா?" என்று அந்த மெக்கானிக் கேட்டார். நான் சிரித்து வைத்தேன்.

வீட்டுக்கு வந்து பிரவுன் பேப்பரை ஒட்டி ஒட்டி, கார் அளவுக்கே ஒரு கார் வெட்டினேன். அதை ஷெட் தரையில் விரித்து, சுற்றிலும் துணிக்குக் குறி போடும் சாக்கட்டியால் கோடு போட்டேன். எங்கள் தொழிலில் கெட்டிக்காரத்தனம் என்பது துணியை வீணாக்காமல் வெட்டுவது. ஒரு கைக்குட்டை அளவுக்கு மிச்சம் விழுந்தாலும் அவமானம். அதே ரோஷத்தோடு ஷெட்டையும் வெட்டினேன். இடது பக்கச் சுவர் நெடுக, செங்கல் கால் கட்டிக் கடப்பைக் கல் போட்ட மேஜை. வலது பக்கம் சுவரோடு போல்ட் அடித்த இரும்பு ராக். எதிர்ச் சுவரில் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதன் உருவத்தை வரைந்து, ஆணி அடித்த பலகை. பின்னால் எப்போதாவது இன்னொரு பழைய கார் வந்தால் அதன் இன்ஜினை இறக்கி வைக்க ஒரு மூலையைக்கூட ஒதுக்கினேன். வராத காருக்கு இடம் விட்ட மகான் நான்.

பிளானைக் காட்டும் நாளில் ரோசி கையில் விளக்குமாறோடு வந்தாள். நான் ஒவ்வொன்றாகக் கையால் காட்டினேன். "நின்னு வேலை செய்யணும்னியே, பார்" என்பதுபோல மேஜை வரப்போகும் கோட்டுக்கு முன்னால் நின்று, இல்லாத மேஜையில் இல்லாத போல்ட்டை முறுக்கிக் காட்டினேன். மச்சான் கைதட்டினார். நான் நின்றுகொண்டிருந்தது காகிதக் காரின் முதுகுமேல் என்பதை அவரும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை.

ரோசி மட்டும் காருக்கும் மேஜைக்கும் நடுவில் விளக்குமாற்றை நீட்டிப் பார்த்தாள். "பெருக்குறதுக்கு எடம் எங்க?"

"அங்க குப்பையே விழாது" என்றேன்.

நான் வாழ்நாளில் துணிந்து சொன்ன சில பதில்களில் அது ஒன்று.

கொத்தனார் வந்தார், கல் ஏறியது, ராக் ஏறியது, ஸ்பேனர்கள் அதனதன் உருவத்தில் போய்த் தொங்கின. நான் கடையை மூடியதும் ஓடிவந்து ஷெட்டுக்கு நடுவில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மந்திரிப்பு என்று முடிவானது. புது வீட்டை ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பது போல ஷெட்டை மந்திரிக்க எங்கள் சர்ச்சின் பங்குச் சாமியார் வருவதாகச் சொன்னார். கூப்பிட்டது ரோசிதான். (எனக்கு அவரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யவே வாய் வராது.) கார் அதற்கு முந்தின நாள்தான் வந்து சேர்ந்தது. இன்ஜின் தயார், ஆனால் செல்ப் மோட்டாருக்குச் சாமான் கிடைக்கவில்லை, தள்ளித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். காரை உள்ளே விட்டுப் பார்த்துவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. சாமியார் முன்னால் முதல் தடவையாக நுழைந்தால்தானே அழகு என்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தெருவே வாசலில் நின்றது. பக்கத்து வீட்டு ஆறுமுகம் அண்ணன் பாசமாக ஓடிவந்து நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். சாமியார் அந்த நேரம் பார்த்து வானத்தை ரசித்தார். நாலு பேர் தள்ள, எலுமிச்சம்பழம் நசுங்க, கார் உறுமிக் கிளம்பியது. மச்சான் முன்னால் நின்று, "அ கோஷ், அ கோஷ்" என்று கையை ஆட்டினார் (இடது பக்கம் என்று அர்த்தமாம். அவருக்குப் பதற்றம் வந்தால் பிரெஞ்சு வரும்). நான் அவர் வாயைப் பார்க்காமல் கையைப் பார்த்து ஓட்டினேன். மழைத் தண்ணீர் ஏறாமல் இருக்க உயர்த்திக் கட்டிய சரிவில் ஏறி, கார் உள்ளே போனது. இரண்டு பக்கமும் உரசவில்லை. கச்சிதம் என்றால் அப்படி ஒரு கச்சிதம். மூக்கு ஸ்பேனர் பலகைக்கு முன்னால் போய் நின்றது. கைதட்டல். நான் ஒரு தோரணையோடு சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினேன்.

சாமியார் பின்னாலிருந்து ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். அடுத்தது நான் இறங்கி வந்து மெழுகுதிரி ஏற்ற வேண்டும். கதவைத் திறந்தேன்.

'டொக்.'

கடப்பைக் கல்லில் கதவு இடித்தது. திறந்த சந்தில் என் கை போகும். கையோடு சேர்ந்த நான் போகமாட்டேன். நகர்ந்து அந்தப் பக்கக் கதவைத் திறந்தேன். 'டங்.' அது ராக். கண்ணாடியை இறக்கப் பார்த்தால், என் பக்கம் நாலு விரல் இறங்கி நின்றுவிட்டது. அந்தப் பக்கம் திருகவே பிடி இல்லை. பின்கண்ணாடி திறக்கிற ஜாதி இல்லை. இன்ஜினைத் திரும்பப் போட, தள்ள ஆள் வேண்டும். தள்ளுகிறவன் காருக்கு முன்னால் வர வேண்டும். முன்னால் வர, பக்கத்தில் வழி வேண்டும். பக்கத்தில் விளக்குமாறே போகாது.

வேறு யாராக இருந்தாலும் "மாட்டிக்கிட்டேன்" என்று கத்தியிருப்பார்கள். எனக்குத்தான் அந்த வரம் இல்லையே. பின்னால் ஒரு தெருவே நிற்கிறது. என்ன செய்வது என்று தெரியாமல் ஸ்டியரிங்மேல் தலையைக் கவிழ்த்துக் கையைக் குவித்துக்கொண்டேன்.

பின்னால் சத்தம் அடங்கியது. "பக்தியில உருகிட்டான்" என்று ஆறுமுகம் அண்ணன் மெதுவாகச் சொன்னது காதில் விழுந்தது. நான் எழுந்திருக்காததைப் பார்த்துச் சாமியார், "நாமும் சேர்ந்து ஜெபிப்போம்" என்று ஆரம்பித்தார். ஒரு ஜெபம் முடிந்தது. நான் நிமிரவில்லை. இன்னொன்று முடிந்தது. நான் நிமிரவில்லை. யாரோ ஒரு பாட்டு எடுத்தார்கள். எல்லாரும் பாடினார்கள். உள்ளே வேர்வையில் என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. (நான் தைத்த சட்டை. அதில் மூச்சு விட இடம் இருந்தது.)

கடைசியில் ரோசிக்குத்தான் சந்தேகம் வந்தது. நான் கோயிலிலேயே இவ்வளவு நேரம் ஜெபித்தது இல்லை என்று அவளுக்குத் தெரியும். காரின் பின்னால் வரை வந்து சுவரோரம் தலையை நீட்டினாள். நான் நாலு விரல் சந்து வழியாக, "ரோசி, கதவு தொறக்கல" என்றேன்.

அவள் கதவைப் பார்த்தாள். கல்லைப் பார்த்தாள். ராக்கைப் பார்த்தாள். பிறகு கோபமே இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவள் மாதிரி கேட்டாள்.

"சட்டைக்கு அளவெடுக்கும்போது எல்லாரையும் கையத் தூக்கச் சொல்லுவீங்களே. காரச் சொல்லலியா?"

பாட்டு நின்றது. முதலில் சிரித்தது சாமியார்தான். அதற்குப் பிறகு தெரு கேட்குமா? ஆறுமுகம் அண்ணன் பந்தல் கயிற்றோடு ஓடிவந்தார். பின் பம்பருக்கு அடியில் கட்டி, தெரு மொத்தமும் சேர்ந்து இழுத்தது. மாதா திருவிழாவில் தேர் இழுப்பதற்குக்கூட அவ்வளவு பேர் வந்து நான் பார்த்ததில்லை. தேருக்குள் சொரூபம் மாதிரி நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். "மாப்ள, அப்படியே எல்லாருக்கும் ஆசீர்வாதம் குடுங்க" என்றார் மச்சான். என் மகள் ஜெனி செல்போனில் எல்லாவற்றையும் படம் பிடித்தாள். கார் சரிவில் இறங்கித் தெருவில் நின்றது. கதவு அகலமாக, அழகாக, ஒரு தடையும் இல்லாமல் திறந்தது. நான் இறங்கிப்போய் மெழுகுதிரியை ஏற்றினேன். மூன்று தீக்குச்சி வீணானது.

தீர்ப்பை யாரும் நினைவுபடுத்தவில்லை. நானே மறுநாள் கடப்பைக் கல்லைப் பெயர்த்தேன், ராக்கையும் கழற்றினேன். ஷெட் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் ரோசி காரைத் திரும்ப உள்ளே விடச் சொன்னாள். "ரெண்டு கதவையும் தொறந்து வைங்க" என்றாள். திறந்து வைத்தேன். அவள் விளக்குமாற்றை எடுத்துக் காரைச் சுற்றிப் பெருக்கிக்கொண்டே ஒரு வட்டம் வந்தாள். விளக்குமாறு போன இடத்துக்கு வெளியே கோலமாவால் ஒரு கோடு இழுத்தாள். "கோட்டுக்கு உள்ள ஒண்ணும் வைக்கக் கூடாது. வெளிய எது வேணும்னாலும் வைங்க" என்றாள். அவ்வளவுதான் பிளான். டேப்பும் இல்லை, பிரவுன் பேப்பரும் இல்லை.

வராத காருக்கு நான் ஒதுக்கிய மூலையில் கிரைண்டர் வந்து உட்கார்ந்தது. எனக்கு மேஜைக்குப் பதில் சுவரில் கீல் வைத்து மடக்குகிற பலகை. ராக் எதிர்ச் சுவரில் ஸ்பேனர் பலகைக்கு மேலே ஏறிவிட்டது. அன்றிலிருந்து அவள் மாவு அரைக்கிறாள், நான் போல்ட் முறுக்குகிறேன். கிரைண்டர் ஓடும் சத்தத்தில் யாரும் யாரிடமும் பேச முடியாது. எனக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? (என் ஸ்பேனரில் மாவு இருக்கும். அவள் மாவில் கிரீஸ் இருந்ததாக இதுவரை யாரும் சொல்லவில்லை.)

வீட்டில் இப்போது யார் எதற்குத் திட்டம் போட்டாலும், "கதவத் தொறந்து அளந்தீங்களா?" என்பதுதான் முதல் கேள்வி. பிரிட்ஜ் வாங்கினாலும் கேட்பார்கள், ஜெனிக்கு மாப்பிள்ளை பார்த்தாலும் கேட்பார்கள். "காருக்குச் சட்டை தெச்சாரு, கை வைக்க மறந்துட்டாரு" என்று மச்சான் போகிற கல்யாண வீட்டில் எல்லாம் அந்த வீடியோவைப் போட்டுக் காட்டுகிறார். என் கடைக்கு வருகிறவர்கள் நான் சொல்லாமலே கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். மூன்று பேச்சில் ஒன்று எனக்கு மிச்சமாகிவிட்டது.

போன மாதம் சாமியார் பூசைக்குப் போடும் வெள்ளை அங்கி தைக்க வந்திருந்தார். நான் டேப்பை எடுப்பதற்குள், பீடத்தில் நிற்பது மாதிரியே இரண்டு கையையும் அகல விரித்துத் தூக்கினார்.

"இப்பவே நல்லா அளந்துக்கோ சவரி. பூசைக்கு நடுவுல மாட்டிக்கிட்டா, என்னை இழுக்க உங்க தெருவுக்குத்தான் ஆள் அனுப்பணும்" என்றார்.

நான் தைத்து முடித்த அந்த அங்கியில் இரண்டு பேர் போகலாம். ரோசி பார்த்துவிட்டு, பெருக்கக்கூட இடம் இருக்கிறது என்றாள்.