மோரை ரத்து செய்த கதை

திட்டம் போடுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று வெகுநாள் நம்பியிருந்தேன். ஒரு வாளி மோர் அந்த நம்பிக்கையைக் கவிழ்த்தது.

நாகர்கோவிலில் நான் எம்.டெக். படித்த கல்லூரியில், பள்ளிப் பிள்ளைகளுக்குக் கோடைக்கால அறிவியல் முகாம். கடைசி நாள் முழுக்க என் பொறுப்பு. பட்டியலில் எல்லாவற்றுக்கும் நிமிடக் கணக்கு இருந்தது. தண்ணீர் ராக்கெட் ஒன்று முதல்வரின் கார்மேல் விழுந்தபோதுகூட நான் பதறவில்லை (தாமதத்துக்கென்று ஐந்து நிமிடம் ஒதுக்கியிருந்தேன்).

அந்தப் பட்டியலில் எனக்கென்று இருந்தது ஒரே இடம்: 1.15 முதல் 1.40 வரை, நான் செய்த காற்றுவேகமானியைச் சிறப்பு விருந்தினருக்குக் காட்டுவது. அவர் திருவனந்தபுரத்தில் ஆய்வகம் நடத்தும் பேராசிரியர். அவரிடம் முனைவர் பட்டத்துக்குச் சேர வேண்டும் என்பதுதான் என் ஒரே ஆசை. 1.40க்கு அவர் ரயிலுக்குக் கிளம்பிவிடுவார்.

சாப்பாட்டுக்கு 12.30 முதல் 1.15 வரை. தாராளம் என்று நினைத்தேன். கேன்டீன் விடுமுறை என்பதால் அம்மா ஒரு கல்யாணச் சமையல்காரரை ஏற்பாடு செய்திருந்தார். "எளிமையா போதும் அண்ணாச்சி" என்று இரண்டு முறை சொல்லியிருந்தேன்.

"எளிமைதான் மக்கா. பாயசமே ரெண்டுதான் வச்சிருக்கேன்."

அறுபது பிள்ளைகள், அவர்களோடு சிறப்பு விருந்தினர், ஒரே பந்தி. பருப்பு, சாம்பார், புளிசேரி, ரசம் என்று ஒவ்வொன்றும் கடைசி இலைவரை போய்த் திரும்பியது. இரண்டாவது பாயசம் வந்தபோது மணி 1.20. இனி மறுபடி சோறு, அதற்கு மோர். பந்தி முடியாமல் யாரும் எழவும் முடியாது. நான் மணிக்கட்டைப் பார்த்தேன். பிறகு, இன்றும் எனக்கே புரியாத துணிச்சலில், நடுவில் நின்று அறிவித்தேன்:

"மோர் கிடையாது. எல்லாரும் எழும்பிக் கை கழுவுங்க!"

யாரும் அசையவில்லை. சமையல்காரர் வாளியைத் தரையில் வைத்தார்.

"மோரு ஊத்தாம எழும்பச் சொல்லுகியா? நாஞ்சில் நாட்டுல எந்த வீட்டுல மக்கா இது நடக்கும்?"

"அண்ணாச்சி, நேரமில்ல..."

"நேரமில்லன்னா என்னத்துக்கு எலை போட்டே?"

சரி, விருந்தினராவது எனக்காக எழுவார் என்று திரும்பினேன். அவர் இலையில் சோற்றைக் குழித்துக் காத்திருந்தார் (சொந்த ஊர் இதே நாஞ்சில் நாட்டுப் பூதப்பாண்டியாம், யாரும் எனக்குச் சொல்லவில்லை).

"மோரு வரட்டும்மா," என்றார்.

வந்தது. இரண்டு முறை வாங்கிக்கொண்டார்.

கை கழுவும் வரிசை கடந்து அவர் வெளியே வந்தபோது 1.38. அவருக்கான கார் காத்து நின்றது. கருவியோடு ஓடினேன். ஆரல்வாய்மொழிப் பக்கம் அத்தனை காற்று அடிக்கும் மாவட்டத்தில், அந்த முற்றத்தில் மட்டும் ஓர் இலைகூட ஆடவில்லை.

"சார், லேசா ஊதிப் பாருங்க."

குனிந்தார். மூச்சை இழுத்தார். வந்தது மூச்சில்லை, நீண்ட, நிறைவான ஏப்பம். காற்றாடி சுழன்றது. திரையில் எண் வந்தது.

ஒரு கணம் எனக்கு என் எதிர்காலம் முழுவதும் இருண்டு தெரிந்தது.

"கொள்ளாமே!" என்று அவர் பாராட்டிச் சிரித்தார். "இவ்வளவு சின்னக் காத்தையும் பிடிக்குதே! விண்ணப்பம் அனுப்பு."

அனுப்பினேன், இடம் கிடைத்தது, பட்டமும் வாங்கினேன். அதை என் உழைப்பின் பலன் என்று வீட்டில் யாரும் ஒப்புக்கொள்வதில்லை. ஒவ்வொரு கல்யாணப் பந்தியிலும் மோர் வாளி எங்கள் வரிசைக்கு வரும்போது அம்மா சத்தமாகவே கேட்பார்:

"அன்னைக்கு மோரு ஊத்தாம விட்டிருந்தா, ஏட்டி, நீ டாக்டர் ஆயிருப்பியா?"