ஏகமனதாகப் பார்த்த சூல்வித்தகம்

தேயிலைக்கும் இறப்பருக்கும் பேர்போன தோட்டங்கள் சப்ரகமுவையில் நிறைய உண்டு. சூல்வித்தகத்துக்குக் கருத்தரங்கு நடத்திய தோட்டம் ஒன்றே ஒன்றுதான். அது தெஹியோவிட்டைக்கு மேலே உள்ள எங்கள் தோட்டம். அதன் நலன்புரி உத்தியோகத்தரும் கருத்தரங்கின் செயலாளருமான நான் இதைத் தன்னடக்கத்தோடு எழுதுகிறேன்.

ஆண்டு 2006. தலைப்பு: 'சூல்வித்தகக் கோளாறுகளை அறிதல்: ஸ்கேனா, எம்.ஆர்.ஐ.யா?' சூல்வித்தகம் என்பது நச்சுக்கொடிதான். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் அப்படிச் சொல்லலாம். கருத்தரங்கில் சொல்ல முடியாது.

கொழும்பிலிருந்து இரண்டு நிபுணர்கள் ஒரு ஸ்கேன் மெசினோடு வந்திருந்தார்கள். 'செய்முறை விளக்கத்துக்கு' ஒரு கர்ப்பிணி தேவைப்பட்டது. தோட்டத்து மருத்துவிச்சி நூரியா, இறப்பர் பால்வெட்டும் ஜெயம்மாவைக் கூட்டி வந்தார். எட்டாம் மாதம். மூத்த பிள்ளை வயிற்றைக் கிழித்துப் பிறந்தது.

"மூணு நாளா லேசா ரத்தம் படுதுங்க. வலி இல்ல," என்றாள் ஜெயம்மா.

"ரொம்ப நல்லது," என்றேன். விளக்கத்துக்குப் பொருத்தமான ஆள் என்ற அர்த்தத்தில்தான் சொன்னேன்.

சூல்வித்தகம் கருப்பையின் வாயை முழுசாக அடைத்துக்கொண்டிருந்தது திரையில் தெரிந்தது. சபை கைதட்டியது. "ஸ்கேனே போதும்," என்றார் முதல் நிபுணர். இரண்டாமவர் மறுத்தார். பழைய தையல் வடுவுக்குள் அது வேர் விட்டிருந்தால் எம்.ஆர்.ஐ. கூடுதலாகக் காட்டும் என்றார்.

ஜெயம்மாவை உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்பதில் மட்டும் இருவருக்கும் கருத்து வேறுபாடே இல்லை. வேறுபாடு இல்லாத விடயத்தைப் பேசிச் சபையின் நேரத்தை வீணாக்கக் கூடாது. 'ஏகமனதாக நிறைவேறியது' என்று எழுதிவிட்டு விவாதத்துக்குப் போனோம். ஜெயம்மாவைப் பின்வரிசை வாங்கில் உட்காரச் சொன்னோம்.

நூரியா என்னிடம் குனிந்தார். "சேர், வேனைத் தாங்க. நான் இப்பவே கூட்டிட்டுப் போறன்."

"வேன் அவிசாவளைக்குப் போயிருக்கு மிஸ்."

"எதுக்கு?"

"ஜெயம்மாவோட ஸ்கேன் படத்தைப் பெருசாக்கி லெமினேட் பண்ண."

"ஆஸ்பத்திரியும் அங்கதானே சேர் இருக்கு? ஆளையும் ஏத்தியிருக்கலாமே."

"வேனுக்கான தீர்மானத்துல படத்தைக் கொண்டுபோகத்தான் அனுமதி," என்றேன். சட்டம் சட்டம்தானே.

விவாதம் உயர்ந்த தரத்தில் இரண்டு மணி நேரம் நடந்தது. எம்.ஆர்.ஐ. ஒரு வாக்கு முன்னிலையில் இருந்தபோது ஜெயம்மா எழுந்து நின்றாள். வாங்கு சிவப்பாக இருந்தது.

"மிஸ், நிக்க மாட்டேங்குது," என்றாள். குரலை உயர்த்தவில்லை. சபை நடப்பது அவளுக்குத் தெரியும்.

நூரியா யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. பகல் சாப்பாடு ஏற்றி வந்த லாபிரின் ஆட்டோ வாசலில் நின்றது. பிரியாணிப் பார்சல்களைப் படியில் இறக்கிவிட்டு ஜெயம்மாவை ஏற்றினார். இறங்கும் வழி குறுகலானது. எதிரே எங்கள் வேன் ஏறி வந்தது. லாபிர் ஓரங்கட்டி இடம் கொடுத்தான். படம் ஒரு கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தது.

ஜெயம்மா பிழைத்தாள். கருப்பையை எடுத்துவிட்டார்கள். பிள்ளை, ஆண் பிள்ளை, மூச்சில்லாமல் பிறந்தது. சூல்வித்தகம் வடுவுக்குள் வேர் விட்டிருந்ததாம். இரண்டாம் நிபுணர் சொன்னது சரியாகப் போனதில் எங்களுக்கெல்லாம் பெருமை.

மூன்று மாதம் கழித்து மீளாய்வுக் கூட்டம். 'பயனாளியின் கருத்து' என்று ஒரு பத்தி காலியாக இருந்தது. ஜெயம்மாவை வேலைக்காட்டிலிருந்து அழைத்தோம். பால் வாளியோடு வந்து நின்றாள்.

"சொல்லும்மா. அன்னைக்கு மெசின்ல எல்லாம் தெளிவாத் தெரிஞ்சிச்சா?"

அவள் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"ஒங்க எல்லாருக்கும் நல்லாத் தெரிஞ்சிச்சுங்கய்யா," என்றாள். "தெரிஞ்சுகிட்டுதான் ஒக்காந்திருந்தீங்க."

அதை அப்படியே பதிவு செய்தோம். கருத்து வேறுபாடு இல்லாததால் எல்லோரும் கையொப்பமிட்டார்கள். முதல் கையொப்பம் என்னுடையது.