கரண்ட்டைக் கழுவியவர்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்ததற்கு அடுத்தபடியான பெரிய காரியம், 2006ஆம் ஆண்டு ஆடி மாதம், மதுரை செல்லூரில், ஹரிராம் வீட்டு மாடியில் நடந்தேறியது. அவர் பாட்டு கேட்கும் ஆம்ப்ளிஃபயருக்கு ஃபியூஸ் மாற்றப்பட்டது.

பழைய ஃபியூஸ் எரிந்துபோயிருக்கும் என்று நினைப்பவர்கள் சாமானியர்கள். அது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் டவுன்ஹால் ரோட்டுக் கடையில் சில்லறைக்கு வாங்கிய 'நாகரிகமற்ற' ஃபியூஸ். புதியது ஜெர்மனியில் பிறந்து, சிங்கப்பூர் மச்சினன் கைப்பையில் வந்தது. உள்ளே வெள்ளிக் கம்பி, இரு பக்கமும் தங்கப் பூண், படுத்துக்கொள்ள வெல்வெட் பெட்டி. ஹரிராமின் மனைவி பத்மாசினிக்குக் கல்யாணத்தில் போட்ட மோதிரமே ரோஸ் காகிதத்தில் மடித்துத்தான் வந்தது.

சுவரில் இருந்த பிளக் பாயிண்டும் பெயர்த்தெடுக்கப்பட்டது. அந்த இடத்தில், வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளில் ஆபரேஷன் தியேட்டருக்கு மாட்டுகிற தரத்தில் ஒன்று குடியேறியது. மாட்ட வந்த எலெக்ட்ரீசியன் சோணைக்கு மட்டும் ஒரு சந்தேகம்.

"அண்ணே, தெருமுக்குக் கம்பத்துல இருந்து உங்க வீடு வரைக்கும் அதே பழைய அலுமினியக் கம்பிதான வருது. கடைசி ஒரு இஞ்சுல தங்கத்த வச்சு என்னண்ணே ஆகப்போகுது?"

"வைகையில எந்தத் தண்ணி வந்தாலும் வீட்டுல வடிகட்டித்தான குடிக்கிறோம்? கரண்ட்டும் அப்படித்தான். கழுவித்தான் உள்ள விடணும்" என்றார் ஹரிராம்.

சோணை பிளக் பாயிண்டை மாட்டி முடித்தான். கழுவிய கரண்ட்டைத் தொட்டால் ஷாக் குறைவாக அடிக்குமா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனான்.

கரண்ட் அழுக்கானதற்குக் காரணம் வேறெங்கும் இல்லை, அதே வீட்டின் கீழ்த்தளத்தில் இருந்தது. ஹரிராமின் பதினாறு விசைத்தறிகள் அங்கே துண்டு நெய்துகொண்டிருந்தன. அவற்றின் மோட்டார்கள் லைனை 'அசுத்தம்' செய்கின்றன என்று கண்டுபிடித்த நாளிலிருந்து, பாட்டு கேட்கும்போதெல்லாம் தறிகளை நிறுத்திவிடுவார். மற்ற நேரத்தில் அவை ஓடும். அவை ஓடும் நேரமெல்லாம் நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அறுந்த நூலையும் அரட்டையையும் மேற்பார்வை பார்ப்பது பத்மாசினியின் உத்தியோகம். பதினெட்டு வருஷ சர்வீஸ்.

இரண்டு வருஷமாக அவளுக்குக் குக்கர் விசில் கேட்பதில்லை. வெயிட் ஆடுவதைக் கண்ணால் பார்த்து எண்ணிக்கொள்வாள். மனிதர்கள் பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். காது டாக்டரிடம் போக வேண்டும் என்று ஹரிராமிடம் மூன்று தடவை சொன்னாள். முதல் தடவை பிளக் பாயிண்ட் வந்துகொண்டிருந்தது. இரண்டாவது தடவை ஃபியூஸ் வந்துகொண்டிருந்தது. மூன்றாவது தடவை அவர் கண்ணை மூடி வீணை கேட்டுக்கொண்டிருந்தார். தபசைக் கலைக்கலாமா?

மதுரை சங்கங்களுக்குப் பேர்போன ஊர். அந்த மரபு விட்டுப்போகாமல் ஹரிராம் 'சுத்த நாதச் சங்கம்' கண்டார். தலைவர் அவர். செயலாளர் தனிஸ்லாஸ், ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் கிளார்க். பிரவுசிங் சென்டர் வைத்திருந்த பாலமுரளி, இணையத்திலிருந்து 'ஆராய்ச்சிக் கட்டுரைகள்' பிரிண்ட் எடுத்து வருபவன் என்பதால் ஆராய்ச்சிப் பிரிவு. உறுப்பினர்கள் என்று தனியாக யாரும் இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குத் தறி நிற்கும், சங்கம் கூடும். தீர்மானங்கள் மினிட்ஸ் நோட்டில் ஏறும். ஏறிய கையோடு தலைவர் முதல் கையெழுத்துப் போடுவார்.

ஃபியூஸை எந்தத் திசையில் போடுவது என்பதே ஆடி மாதத்தின் முதல் விவாதம்.

"கரண்ட்டு செகண்டுக்கு அம்பது தடவ முன்னயும் பின்னயும் போயிட்டு வருதாமே தலைவரே. அப்புறம் என்ன திசை?" என்றான் பாலமுரளி.

"போகையில ஒரு மாதிரி இருக்கும், வாரயில ஒரு மாதிரி இருக்கும்ல தம்பி" என்றார் தனிஸ்லாஸ். நியாயமாகப்பட்டது.

இதைத் தீர்க்க ஒரு நடுநிலைக் காது தேவைப்பட்டது. காபி கொண்டுவந்த பத்மாசினியை உட்கார வைத்தார்கள். ஹரிராம் ஃபியூஸை ஒரு பக்கமாகப் போட்டுப் பாட்டை ஓட விட்டார். பிறகு திருப்பிப் போட்டு ஓட விட்டார்.

"எது நல்லாருக்கு?"

பத்மாசினி அவர் முகத்தைப் பார்த்தாள். முதல் தடவை புருவம் உயர்ந்திருந்தது. இரண்டாவது தடவை சுருங்கியிருந்தது.

"மொதல்ல போட்டதுதான்."

ஹரிராம் துள்ளிவிட்டார். அவருக்கும் அதேதான் பட்டதாம்! பன்னிரண்டு தடவை மாற்றி மாற்றிப் போட்டார். பன்னிரண்டு தடவையும் பத்மாசினி சரியாகச் சொன்னாள். சங்கம் அன்றே அவளுக்குத் 'தங்கக் காது' என்ற பட்டத்தை வழங்கியது. பாலமுரளி அதை பிரிண்ட் எடுத்து, லேமினேஷன் செய்து, கூடத்தில் மாட்டினான்.

மறு வாரம் தங்கக் காது டவுன் பஸ் ஏறித் தனியாகக் கோரிப்பாளையம் காது டாக்டரிடம் போனது. கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். வெகுநேரம் அமுக்க வேலையே இல்லை. டாக்டர் பொறுமையாக, உதடு தெரிகிற மாதிரி பேசினார்: "தறிச் சத்தம்மா. போனது திரும்பாது. மிச்சத்தையாவது காப்பாத்தணும். காதுக்கு மெஷின் வைங்க. தறிக்கூடத்துல இனி உக்காரவே கூடாது."

வீட்டில் ஹரிராம் தினமும் தவறாமல் பார்க்கிற இடம் ஒன்றுதான். பத்மாசினி காது டெஸ்ட் ரிப்போர்ட்டை மடித்து ஆம்ப்ளிஃபயர் மேல் வைத்தாள்.

சனிக்கிழமை சங்கம் கூடியதும் ஹரிராம் கண்ணில் அது பட்டது. மேல்பக்கம் பின்னால் மடிந்திருந்ததால் கோடு போட்ட படம் மட்டும் தெரிந்தது. பாலமுரளி கொண்டுவந்தது என்று தனிஸ்லாஸ் நினைத்தார். தனிஸ்லாஸ் கொண்டுவந்தது என்று பாலமுரளி நினைத்தான். தெரியாது என்று சொல்வது சங்கத்தில் வழக்கமில்லை. பத்மாசினி காபித் தட்டோடு வாசலில் நின்றாள்.

ஹரிராம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "யாரோ ஸ்பீக்கர டெஸ்ட் பண்ணின படம். இந்தா, ரைட்டு ஸ்பீக்கர். இது லெஃப்டு. ஆயிரம் ஹெர்ட்ஸ் வரைக்கும் ஏதோ பரவால்ல. அதுக்கு மேல பாருங்க, கெணத்துல வாளி விழுந்த மாதிரி விழுது!"

"அடடா" என்றார் தனிஸ்லாஸ்.

"கம்பெனிக்காரன் மேல தப்பு இல்ல. நல்ல பொருள்தான். எவனோ வருசக்கணக்கா பெருஞ்சத்தத்துல போட்டுக் கெடுத்திருக்கான். பொருளோட அரும தெரியாத பய! இப்படிப்பட்டவனுக்கெல்லாம் நல்ல பொருள் வச்சுக்கிற யோக்கியதையே கெடையாது."

எல்லோரும் சற்று நேரம் வருத்தப்பட்டார்கள். ஹரிராமுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அவ்வளவு மென்மையான மனசு.

"இத நோட்டுல ஏத்திருங்கண்ணே" என்றாள் பத்மாசினி.

தங்கக் காதே சொன்னபிறகு அப்பீல் ஏது? தனிஸ்லாஸ் எழுதினார்: 'நல்லதொரு பொருளைப் பல்லாண்டுகள் பெருஞ்சத்தத்திலிட்டுப் பாழாக்கிய நபரை இச்சங்கம் ஒருமனதாகக் கண்டிக்கிறது.' ஹரிராம் கையெழுத்தை அழுத்தமாகப் போட்டார்.

பத்மாசினி தட்டைக் கீழே வைத்துவிட்டு, காகிதத்தின் மடிப்பைப் பிரித்து அவர் முன்னால் நீட்டினாள். பெயர்: ஹ. பத்மாசினி. வயது: 43. தொழில்: விசைத்தறி.

"ஸ்பீக்கர் இல்லீங்க. என் காது."

அப்படியொரு சுத்தமான நிசப்தம் அந்த மாடியில் அதுவரை விழுந்ததில்லை. எல்லாம் ஜெர்மன் ஃபியூஸின் பெருமை.

"அப்ப அந்தப் பன்னெண்டு டெஸ்ட்டு?" என்று திக்கினான் பாலமுரளி.

"உங்க தலைவர் புருவத்தப் பாத்துச் சொன்னேன் தம்பி."

ஹரிராம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். ரிப்போர்ட்டைத் திருப்பிப் பார்த்தார். கடைசியில் மிகுந்த கவலையோடு கேட்டார்:

"டெஸ்ட் எடுத்த மெஷின எந்த பிளக் பாயிண்ட்ல மாட்டியிருந்தாங்க?"

பத்மாசினி இந்தத் தடவை அவர் புருவத்தைப் பார்க்கவில்லை. கூடத்துக்குப் போய் லேமினேஷனைக் கழற்றினாள். தறிக்கூடத்து ஸ்டூலைத் தூக்கி வந்து மாடியில், ஆம்ப்ளிஃபயருக்கு எதிரே போட்டாள். "நாளையில இருந்து கீழ, தறிக்கூடத்துல, இதுல நீங்க உக்காருங்க" என்றாள்.

ஃபியூஸ், பிளக் பாயிண்ட், திசை என்று சுத்த நாதச் சங்கம் நாற்பத்தேழு தீர்மானங்கள் நிறைவேற்றியிருக்கிறது. அவற்றில் மருத்துவ ரீதியாக நிரூபிக்கப்பட்டது ஒன்றே ஒன்றுதான். அதில் குற்றவாளியின் கையெழுத்தும் இருக்கிறது.