ஒரு நாழிகை எத்தனை ஊழி?

அந்தப் பழைய காதல் பாட்டைச் சோதித்துப் பார்த்துவிடுவது என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் முடிவு செய்தேன். தலைவன் பிரிந்தால் தலைவிக்கு ஒரு நாழிகை ஓர் ஊழியாக நீளும் என்கிறது பாட்டு. இருபது வருடமாகப் பள்ளிக்கூடத்தில் இதை நடத்துகிறேன். நாழிகை என்பது இருபத்துநான்கு நிமிடம் என்று கூடவே சொல்லிவிடுவேன். ஆனால் என் வீட்டுத் தலைவிக்கு அது எவ்வளவு நீளும்? கேட்டால் சொல்ல மாட்டாள். பிரிந்துதான் பார்க்க வேண்டும்.

தருமபுரி நூலகத்துக்குப் போய் நான்கு மணிக்குத் திரும்புவதாக எழிலரசியிடம் சொன்னேன். அன்று எங்கள் கொட்டகையில் பட்டுப்புழு பழுத்திருந்தது. பழுத்த புழுவை அன்றைக்கே பொறுக்கி, கூடு கட்டச் சந்திரிகைத் தட்டில் ஏற்ற வேண்டும். தெருவே கை கொடுக்கும். போன முறை நானும் கொடுத்தேன். பட்டு என்ற சொல் பிறந்த கதையை நான் சொல்லி முடிப்பதற்குள் ஒரு புழு என் சட்டைப்பையில் கூடு கட்டிவிட்டது.

இப்படிப்பட்ட நாளில் என்னை விட மாட்டாள் என்று நினைத்தேன். நிதானமாக வரச் சொன்னாள். துயரத்தை மறைக்கிறாள் என்று மனத்தில் குறித்துக்கொண்டேன்.

பஸ் ஏறவில்லை. பின்பக்கமாகச் சுற்றி, பக்கத்து வீட்டு மாதேஸ்வரனின் மாடிக்குப் போனேன். அங்கிருந்து எங்கள் வாசல் தெரியும். அவர் எங்கள் கொட்டகையில் இருந்தார். எல்லாருக்கும் சோறாக்கிக்கொண்டிருந்த அவர் மனைவி சுகுணாவிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லி, யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினேன்.

மணி நான்கு. வாசலில் யாரும் இல்லை. கால் மணி நேரம் போயிருக்கும் என்று கடிகாரத்தைப் பார்த்தேன். நான்கு மூன்று. மறுபடி பார்த்தேன். நான்கு ஐந்து. ஓடுகிறதா என்று காதில் வைத்தும் பார்த்தேன். பாட்டில் பிழையில்லை. ஊழிதான் வீடு மாறிப் பக்கத்து மாடிக்கு வந்துவிட்டது.

மானம் போனால் போகட்டும் என்று ஐந்து மணிக்கு எழுந்தேன். சுகுணா மொச்சைக் கூடையோடு மேலே வந்தாள்.

"சார், அந்தப் பாட்டுக்கு என்னதான் அர்த்தம்? ஒரு வார்த்த விடாம சொல்லுங்க."

என்னை இப்படி ஒருவரும் கேட்டதில்லை. மாணவர்கள் கேட்பதெல்லாம் இது பரீட்சையில் வருமா என்பதுதான். உட்கார்ந்தேன். திணை, துறை, பெரும்பொழுது, சிறுபொழுது. மொச்சை உரித்தபடி, கொட்டாவியை முந்தானைக்குள் மறைத்தபடி, "அப்பறம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நிமிர்ந்தபோது மணி ஏழு. எனக்குக் கண் மூடித் திறந்த நேரம்தான்.

வீட்டுக்குப் போனேன். எழிலரசி கை கழுவிக்கொண்டிருந்தாள். மூன்று மணி நேரம் தாமதமாகிவிட்டதே, மணியாவது பார்த்தாளா என்று கேட்டேன்.

"பாக்காம இருப்பேனாங்க? நிமிசத்துக்கு ஒருக்கா பாத்தேன்."

நெஞ்சு நிறைந்துவிட்டது. "அவ்வளவு நீளமா இருந்துச்சா?"

"எங்கங்க நீளம்? பறந்துச்சு. அஞ்சு மணிக்குப் பாதிப் புழுகூட ஏத்தி முடியல, நீங்க வேற மாடிய விட்டு எறங்கி வந்துருவீங்களோன்னு பயம். அதான் சுகுணாவுக்குப் போனப் போட்டு, பாட்டுக்கு அர்த்தம் கேளுன்னேன்."